மேல்வீட்டுத் தரையில் தேங்கிய ஈரம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் நான்கு மாடி அடுக்ககம் ஒன்றில், ஒரு சித்திரை மாதம் தொடங்கி ஆவணி வரை நீண்ட ஒரு சிக்கலைப் பற்றிய பதிவு இது. இரண்டாம் மாடியிலும் மூன்றாம் மாடியிலும் ஒன்றின்மேல் ஒன்றாக, ஒரே வரைபடத்தில் கட்டப்பட்ட இரண்டு வீடுகள் இதில் சம்பந்தப்பட்டவை. கட்டடங்களுக்கான குளிரூட்டல், காற்றோட்ட ஏற்பாடுகளை வடிவமைப்பது என் தொழில் என்பதால், குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் கேட்டுக்கொண்டபடி நான் இதில் வந்து சேர்ந்தேன். பெயர்கள் வேண்டாம் என்ற நிபந்தனையோடு இரு வீட்டாரும் இதை எழுத இசைந்திருக்கிறார்கள்.

மேல்வீட்டில் ஓய்வுபெற்ற தம்பதியர் வசிக்கிறார்கள். அவர்களுக்கு ஏசி பிடிக்காது. கிழக்குப் பார்த்த சன்னலைத் திறந்துவைத்து, மின்விசிறியோடு காலத்தைக் கழிப்பவர்கள். கீழ்வீட்டில் இருப்பவர்கள் இளம் தம்பதியர். இருவருமே வெளிநாட்டு நிறுவனங்களுக்காக இரவு நேரப் பணி செய்கிறவர்கள் என்பதால், காலை ஆறு மணிக்கு வீடு திரும்பி, சன்னலுக்குக் கனத்த திரையைப் போட்டு, ஏசியை 18 டிகிரியில் வைத்துக்கொண்டு பிற்பகல் மூன்று மணி வரை தூங்குவார்கள். பகலில் நாலு சுவருக்குள் நடக்கும் இந்த வழக்கம் அடுக்ககத்தில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் அது ஒரு தகவலாகப்படவில்லை.

இரண்டு வீடுகளிலும் படுக்கையறைக்கும் குளியலறைக்கும் ஒரே பொதுச்சுவர். கீழ்வீட்டு ஸ்பிளிட் ஏசியின் உள்பெட்டி அந்தச் சுவரில்தான், கூரைக்கு வெகு அருகில், மாட்டப்பட்டிருக்கிறது.

முதலில் கண்டவை

கோடை விடுமுறைக்குப் பேரக்குழந்தைகள் வந்தபோது, மேல்வீட்டுப் படுக்கையறையில் தரையில் ஒரு இலவம்பஞ்சு மெத்தை விரிக்கப்பட்டது. சில நாள் கழித்து வெயிலில் போடுவதற்காக அதைப் புரட்டியவர்கள், அடிப்பக்க உறையில் மிளகைத் தூவியதுபோல் கறுப்புப் பூசணம் பிடித்திருப்பதையும், அதன் கீழே தரை கைக்கு ஒட்டும் அளவுக்கு ஈரமாக இருப்பதையும் கண்டார்கள். மெத்தையை எடுத்த பிறகும் ஈரம் நிற்கவில்லை. பிற்பகல்களில், குளியலறைச் சுவர்ப் பக்கத்திலிருந்து அறையின் நடுப்பகுதி வரை, நாக்கை நீட்டியது போன்ற வடிவில் டைல்ஸ் மீது மெல்லிய நீர்ப்படலம் தோன்றியது. மாலை ஏழு மணிக்குள் அது காய்ந்துவிடும்.

இந்த நேரக்கணக்கு மேல்வீட்டாருக்கு எதிராக அமைந்தது. சங்கத்தின் பொறுப்பாளர்கள் அலுவலகம் முடிந்து இரவில் வந்து பார்க்கும்போதெல்லாம் தரை உலர்ந்தே இருந்ததால், வயதானவர்கள் சிறிய விஷயத்தைப் பெரிதுபடுத்துகிறார்கள் என்ற எண்ணம் அவர்களிடம் பரவியது. அம்மையார் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பத் தொடங்கிய பிறகுதான் புகார் பதிவேட்டில் ஏறியது. அந்தப் படங்கள், நேரக்குறிப்போடு இருந்த காரணத்தால், பின்னால் மிகவும் பயன்பட்டன.

இன்னொன்றும் அவர்களைக் குழப்பியது. வெயில் மிகக் கடுமையாகக் கொளுத்திய சில நாட்களில், பிற்பகலிலும் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்தபோது, தரையில் ஒரு துளி ஈரமும் இல்லை. குழாய் கசிவு என்றால் அது வெயிலைப் பார்த்தா கசியும் என்று பெரியவர் கேட்டது நியாயமான கேள்விதான்.

பிளம்பரின் முடிவு

சங்கம் அழைத்துவந்த பிளம்பர், ஈரம் குளியலறைச் சுவர்ப் பக்கமிருந்து வருவதைப் பார்த்து, குளியலறைத் தளத்தின் வாட்டர் ப்ரூஃபிங் போய்விட்டது என்று சொன்னார். டைல்ஸ் முழுவதையும் உடைத்து, பழைய சுண்ணாம்புக் காரையை அள்ளி, புதிதாகப் பூசி, மீண்டும் டைல்ஸ் பதிக்க அறுபதாயிரம் ரூபாய்க்கு மேல் மதிப்பீடு கொடுத்தார். இருபது வருடக் கட்டடத்தில் பத்தில் ஏழெட்டுப் புகார்களுக்கு இந்தத் தீர்ப்பு சரியாகவே இருக்கும். எனவே அவரைக் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் செயலாளருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. தண்ணீர் இறங்குமே தவிர ஏறாது; குளியலறைத் தளம் கசிந்திருந்தால், முதலில் பாழாகியிருக்க வேண்டியது கீழ்வீட்டுக் கூரைதான். கீழ்வீட்டுப் பெண்ணோ, பழிவந்துவிடுமோ என்ற பதற்றத்தில், “ஆன்ட்டி, எங்க சீலிங்ல ஒரு சொட்டு ஈரம் கிடையாது, நீங்களே வந்து பாருங்க” என்று அழைத்துப்போய்க் காட்டினார். கூரையில் பெயின்ட் உரியவில்லை, ஓதம் அடிக்கவில்லை, உப்புப் பூக்கவில்லை. அந்த நிலையில் உடைப்பதைத் தள்ளிவைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட முடிவுகளிலேயே நல்லது இந்தத் தள்ளிவைப்பு என்பது என் கருத்து.

அளந்து பார்த்தது

நான் போனது ஒரு வைகாசி முற்பகல். ஈரம் தொடங்கும் முன்பே வரவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அது வசதியாகப் போயிற்று. பதினொரு மணிக்கு மேல்வீட்டு அறையில் வெப்பநிலை 34 டிகிரி, ஒப்பு ஈரப்பதம், அதாவது அந்த வெப்பநிலையில் இருக்கக்கூடிய உச்ச அளவு நீராவியில் காற்றில் உள்ள பங்கு, 46 விழுக்காடு. தரை பளபளப்பான டைல்ஸ் என்பதால் அகச்சிவப்பு வெப்பமானி தவறாகக் காட்டக்கூடும். ஆகவே பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப்பைத் துண்டு துண்டாக நறுக்கி, அறை முழுவதும் கட்டம் போட்டதுபோல் தரையில் ஒட்டி, அந்தத் துண்டுகளின் மீது அளந்தேன். அறையின் எதிர் மூலையில் 29 டிகிரியைத் தாண்டியது. ஈரம் தோன்றும் இடத்தில் 23.5 டிகிரி. அதைவிட முக்கியமாக, குறைந்த வெப்பநிலை சுவரை ஒட்டி இல்லை. சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளித் தொடங்கி அறைக்குள் நீண்டது. குளியலறையிலிருந்து நீர் ஊறிவந்தால் சுவரின் அடியில்தான் ஈரம் அதிகமாக இருக்கும். இங்கே சுவரடி உலர்ந்திருந்தது.

பிறகு முக்கால் மீட்டர் சதுரமான பாலித்தீன் தாள் ஒன்றை அந்த இடத்தில் விரித்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் இடைவெளி இல்லாமல் ஒட்டினேன். இது பழைய சோதனை. நீர் தளத்திலிருந்து மேலே ஊறினால் தாளின் அடியில் துளிகள் தேங்கும். அறைக் காற்றிலிருந்து வந்தால் தாளின் மேற்பரப்பில் தேங்கும். இடையில் வேறு வாய்ப்பு அதிகம் இல்லை.

ஒரு மணியை ஒட்டிக் கடற்காற்று திரும்பியது. சன்னல் திரை உள்நோக்கி உப்பியது. அறை சற்றுக் குளிர்ந்தது. ஈரப்பதமானி மளமளவென்று ஏறி 32 டிகிரி, 71 விழுக்காடு என்று நின்றது. அரை மணி நேரத்தில் தாளின் மேற்பரப்பு மங்கியது, பின் பொட்டுப் பொட்டாகத் துளிகள் கட்டின. மூன்று மணிக்கு அவற்றை ஊசி போடும் சிரிஞ்சால் உறிஞ்சி, குடிநீர்க் கருவி விற்பவர்கள் வைத்திருக்கும் பேனா வடிவ டி.டி.எஸ். மீட்டரின் (நீரில் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் கருவி) மூடிக்குள் விட்டுப் பார்த்தபோது 20-க்கும் கீழே காட்டியது. குளியலறைக் குழாய் நீர், அந்தப் பகுதியின் போர்வெல் நீருக்கே உரிய உப்போடு, 900-ஐத் தாண்டியது. பாலித்தீன் தாளை உரித்தபோது அதன் அடிப்பக்கம் உலர்ந்திருந்தது.

நீர் குழாயிலிருந்து வரவில்லை, காற்றிலிருந்து வருகிறது என்பது அத்துடன் உறுதியானது.

ஏன் அந்த இடத்தில், ஏன் அந்த நேரத்தில்

காற்றில் நீராவி எவ்வளவு இருக்க முடியும் என்பதற்கு வெப்பநிலை ஒரு மேல்வரம்பு விதிக்கிறது. 35 டிகிரியில் ஒரு கன மீட்டரில் ஏறக்குறைய 40 கிராம். 30 டிகிரியில் 30 கிராம். 20 டிகிரியில் 17 கிராம்தான். காற்று ஏதோ நீரைப் பிடித்துவைத்திருப்பதுபோல் பேசுவது வழக்கம் என்றாலும், நடப்பது வேறு. ஒரு குளிர்ந்த பரப்பின் மீது மோதி ஒட்டிக்கொள்ளும் நீர் மூலக்கூறுகளும், அதிலிருந்து விடுபட்டுப் போகும் மூலக்கூறுகளும் எப்போதும் இருக்கின்றன. பரப்பு குளிரக் குளிர விடுபட்டுப் போவது குறைகிறது. ஒட்டுவது போவதை விஞ்சும் வெப்பநிலையில் துளி பிறக்கிறது. அந்த வெப்பநிலையைத்தான் பனிப்புள்ளி என்கிறோம். காற்றில் ஆவி கூடினால் பனிப்புள்ளி ஏறும். ஆவி குறைந்தால் இறங்கும்.

முற்பகலில் மேற்கிலிருந்து வந்த உலர்ந்த காற்றில் பனிப்புள்ளி 21 டிகிரியை ஒட்டி இருந்தது. தரை 23.5 டிகிரி, ஆகவே துளி இல்லை. பிற்பகலில் கடற்காற்று வந்ததும் வெப்பநிலை இரண்டு டிகிரி குறைந்தபோதிலும், ஆவியின் அளவு கன மீட்டருக்கு 17 கிராமிலிருந்து 24 கிராமாக உயர்ந்து, பனிப்புள்ளி 26 டிகிரிக்கு ஏறியது. தரை அதே 23.5 டிகிரிதான், ஆனால் அந்த வெப்பநிலையில் 21 கிராமுக்கு மேல் ஆவியாகத் தங்க வழியில்லை. தரையைத் தொட்ட காற்று, ஒவ்வொரு கன மீட்டருக்கும் மூன்று கிராம் அளவில் மீதியை இறக்கிவைத்துவிட்டுப் போயிற்று. சன்னல் திறந்திருந்ததால் புதுக் காற்று வந்துகொண்டே இருந்தது. கடற்காற்று எழாமல் மேல்காற்றே நிலைத்த நாட்களில் தரை ஏன் உலர்ந்திருந்தது என்ற பெரியவரின் கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது.

தரை ஏன் அந்த இடத்தில் மட்டும் குளிர்ந்தது என்பதற்குக் கீழ்வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. குளிர்ந்த காற்று தானாகக் கீழே இறங்கும் என்பதால், ஏசியின் முகப்பில் உள்ள மடிப்புத் தகட்டைக் கிடைமட்டமாக வைத்துக் காற்றை நேராக வீசவிடும்படிதான் பொதுவாகச் சொல்வார்கள். அறை சீராகக் குளிர அது நல்ல வழிதான். ஆனால் இங்கே உள்பெட்டி கூரைக்கு மிக அருகில் இருந்ததால், வெளியேறும் 13, 14 டிகிரிக் காற்று கூரையோடு ஒட்டிக்கொண்டே இரண்டு மீட்டருக்கு மேல் ஓடியது. அரையடிக்கும் குறைந்த கான்கிரீட் தளமும் அதன் மேல் காரையும் டைல்ஸும் வெப்பத்தைத் தடுத்துநிறுத்தும் பொருட்கள் அல்ல. காலை ஆறு மணிக்குத் தொடங்கிய குளிர்ச்சி சில மணி நேரத்தில் மேல்பக்கத்தை எட்டிவிடும். காற்று வீசும் தடமும் மேலே ஈரம் படியும் தடமும் ஒன்றாக இருந்தன. உள்பெட்டியின் அகலம் போக, அதன் முகப்பிலிருந்துதான் காற்று புறப்படுகிறது. சுவரடியில் ஒரு முழம் உலர்ந்திருந்ததற்குக் காரணம் அதுவே.

மெத்தையின் பங்கையும் சொல்லியாக வேண்டும். வெறும் தரைக்கு அறைக் காற்றிலிருந்து ஓரளவு வெப்பம் கிடைத்துக்கொண்டே இருக்கும். மெத்தை விரித்ததும் அந்த வெப்பம் தடைப்பட்டு, கீழே உள்ள தரை மேலும் நாலைந்து டிகிரி குளிர்கிறது. ஆனால் பஞ்சு நீராவியைத் தடுப்பதில்லை. ஆகவே மெத்தைக்கு அடியில் ஈரம் அதிகமாகவும், காற்றுப் படாததால் நெடுநேரம் காயாமலும் இருந்தது. தரையில் படுக்கும் வழக்கமுள்ள வீடுகளில் ஏசி அறைக்கு மேலே உள்ள அறையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. இரும்புப் பெட்டி, அரிசி மூட்டை, அட்டைப்பெட்டிப் புத்தகங்கள் என்று எதைத் தரையோடு ஒட்டி வைத்தாலும் இதே கதைதான்.

இரு வீட்டாருக்கும் விளக்கியது

விளக்கம் சொல்வது அளப்பதைவிடக் கடினமாக இருந்தது. “கீழ்வீட்டு ஏசிக்கும் எங்க தரைக்கும் என்ன சார் சம்பந்தம்? குளிர் மேலே ஏறுமா?” என்று பெரியவர் கேட்டார். குளிர் ஏறவில்லை, அவர் தரையின் வெப்பம் கீழே இறங்குகிறது என்று சொன்னதை அவர் மரியாதைக்காக ஏற்றுக்கொண்டதுபோல் தெரிந்தது.

எனவே சமையலறையிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வாங்கி, அதில் வெப்பமானியை வைத்து, பனிக்கட்டித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கலக்கினேன். 30, 29, 28 என்று இறங்கியபோது டம்ளரின் வெளிப்புறம் பளிச்சென்றிருந்தது. 26-ஐ எட்டியபோது அடிப்பக்கத்தில் மூச்சு விட்டாற்போல் மங்கல் படர்ந்தது. பெரியவர் விரலால் தடவிப் பார்த்தார். விரல் தடம் விழுந்தது. பிரான்சின் மோன்பெலியே நகரத்து மருத்துவர் சார்ல் லெ ருவா 1751-ஆம் ஆண்டில் பனிப்புள்ளியைக் கண்டறிந்த முறை கிட்டத்தட்ட இதுதான். ஈரப்பதமானி இல்லாத வீட்டில் இன்றும் இதைவிட நம்பகமான வழி இல்லை. அடுத்து அதே அறையில் தரையின் வெப்பநிலையை அவரையே அளக்கச் சொன்னேன். டம்ளர் 26-இல் வியர்த்தது, தரை 23.5-இல் இருக்கிறது என்பதை அவர் தாமே சேர்த்துப் பார்த்துக்கொண்டார்.

கீழ்வீட்டாருக்கு வேறு கவலை. தங்கள் அறைக்குள் தாங்கள் ஏசி போடுவது குற்றமா என்பதுதான் அது. குற்றம் இல்லை என்பதைச் செயலாளர் தெளிவாகச் சொன்னது பேச்சை எளிதாக்கியது.

எடுத்த முடிவுகள்

உடைக்கும் வேலை கைவிடப்பட்டது. மேல்வீட்டில் சன்னலை அடைத்துவைக்கச் சொல்வது ஒரு வழியாக முன்வைக்கப்பட்டு, உடனே நிராகரிக்கப்பட்டது. ஏசி இல்லாத அறையில் கோடைப் பிற்பகலில் கடற்காற்றை மறுப்பது தண்டனை. தரைமீது விரிப்புப் போட்டு மூடுவதும் வேண்டாம் என்று முடிவாயிற்று, ஏனெனில் மெத்தை செய்ததையே விரிப்பும் செய்யும். குழந்தைகளுக்கு ஒரு மடக்குக் கட்டில் வாங்கப்பட்டது.

மீதியெல்லாம் கீழ்வீட்டில். முதலில் செலவில்லாதவற்றைச் செய்துபார்ப்பது என்று தீர்மானித்தோம்: ஏசியின் மடிப்புத் தகட்டைக் கீழ்நோக்கிச் சாய்ப்பது, 18-ஐ 24-ஆக்கி மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் ஓடவிடுவது. 2020 ஜனவரி 1 முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகள் 24 டிகிரியிலேயே இயங்கத் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்பது நடுவண் அரசின் விதி. இவர்களுடையதும் அப்படி வந்த ஏசிதான்; வாங்கிய அன்றே ரிமோட்டில் 18-க்கு இறக்கியிருக்கிறார்கள். பகலில் தூங்குகிறவர்களுக்கு அது ஆடம்பரம் இல்லை என்பதால் நான் அதை அழுத்திப் பேசவில்லை.

கூரைக்குள் வெப்பத்தடைப் பலகை பதிப்பதை இரண்டாம் கட்டமாக வைத்துக்கொண்டோம்.

அதன் பின் நடந்தது

மறுநாளிலிருந்தே மாற்றம் தெரிந்தது. தரையின் குளிர்ந்த தடம் 26.5 டிகிரிக்கு ஏறியது. பெரும்பாலான பிற்பகல்களில் ஈரம் இல்லை. இருந்தாலும் இடைவெளி அரை டிகிரிதான். ஆனியிலும் ஆடியிலும், முந்தைய மாலை இடி மழை பெய்து மறுநாள் புழுக்கமாக விடியும் நாட்களில், பனிப்புள்ளி 26-ஐத் தாண்டிவிடும்; அன்றெல்லாம் மெல்லிய படலம் மீண்டும் எட்டிப்பார்த்தது. கீழ்வீட்டில் வேறொரு தொல்லை. சாய்த்த தகட்டிலிருந்து காற்று நேராகக் கட்டில்மீது விழுந்ததால் அந்தப் பெண்ணுக்குக் கழுத்துப்பிடிப்பு வந்து, தகட்டை அவ்வப்போது பழையபடி நிமிர்த்தத் தொடங்கினார்கள். நிமிர்த்திய நாளெல்லாம் மேலே படம் எடுக்கப்பட்டது. ஒரு நாள் அந்தப் படம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிழுந்து, ஆறியிருந்த பேச்சு மீண்டும் சூடானது.

ஆடிக் கடைசியில் இரண்டாம் கட்டத்துக்குப் போனோம். கீழ்வீட்டுப் படுக்கையறைக் கூரையில், ஏசி முகப்பிலிருந்து அறையின் முக்கால் பகுதி வரை, வெப்பத்தைத் தடுக்கும் 25 மில்லிமீட்டர் கனமுள்ள எக்ஸ்.பி.எஸ். ஃபோம் பலகைகள் நேராகக் கான்கிரீட்டிலேயே ஒட்டப்பட்டு, இணைப்புகள் அடைக்கப்பட்டு, மேலே ஜிப்சம் போர்டு திருகப்பட்டது. தொங்கும் ஃபால்ஸ் சீலிங் மட்டும் போட்டால் போதாதா என்று ஒப்பந்தக்காரர் கேட்டார். விளிம்பு இடுக்குகள் வழியே குளிர்காற்று மேலே நுழைந்துவிட்டால் தளம் முன்புபோலவே குளிரும்; அதனால்தான் ஒட்டச் சொன்னேன். வாட்டர் ப்ரூஃபிங்குக்குச் சொன்ன தொகையில் பாதிகூட ஆகவில்லை. அதை இரு வீட்டாரும் சமமாகப் பகிர்ந்துகொண்டார்கள். சங்க நிதியிலிருந்து கேட்கலாம் என்ற யோசனை எழுந்தது, பெரியவர்தான் வேண்டாம் என்றார்.

பலகை பதித்தபின் தகடு மீண்டும் கிடைமட்டத்துக்குப் போனது. ஏசி 22 டிகிரியில் ஓடிய புழுக்கமான ஆவணிப் பிற்பகல்களில் மேல்வீட்டுத் தரை 29 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. ஈரம் திரும்பவில்லை.

இனி மாற்ற வேண்டியவை

சங்கத்தின் புகார்ப் படிவத்தில் இப்போது ஈரம் தோன்றும் நேரமும் காயும் நேரமும் கேட்கப்படுகின்றன. கசிவு பெரும்பாலும் தண்ணீர்ப் பயன்பாட்டோடு சேர்ந்து வரும். குளிர்ந்து படியும் நீர் காற்றோடும் ஏசியோடும் சேர்ந்து வரும். இதைப் பிரித்தறிய நேரக்குறிப்பு ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும் என்பதால், பிளம்பரை அழைக்கும் முன்பே அது கேட்கப்பட வேண்டும். பாலித்தீன் தாள் சோதனைக்கும் டி.டி.எஸ். சோதனைக்கும் பொறியாளர் தேவையில்லை. பராமரிப்பு ஊழியரே செய்யலாம். உடைக்கும் வேலை எதுவானாலும் அந்த இரண்டின் முடிவும் பதிவான பிறகே ஒப்புதல் என்று செயற்குழு தீர்மானம் போட்டிருக்கிறது.

இரண்டாம் கட்டத்தை இரண்டு மாதம் தள்ளியது சரிதானா என்று செயலாளர் என்னிடம் கேட்டார். சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி பனிப்புள்ளி 24 முதல் 26 டிகிரிக்குள் நிற்கிறது. வெப்பநிலையை மாற்றி மட்டும் சமாளிக்கும்போது கிடைக்கும் இடைவெளி ஒன்றிரண்டு டிகிரிதான். அது இரண்டு வீட்டாரின் அன்றாடப் பழக்கத்தைச் சார்ந்திருக்கும். அடுத்த முறை இதுபோன்ற அறைக்கு முதல் கட்டத்தை ஒரு வாரச் சோதனையாக மட்டும் வைத்து, காரணம் உறுதியானதும் நேராகப் பலகைக்குப் போகச் சொல்வேன். புதிதாக ஏசி மாட்டுகிறவர்களுக்கு, உள்பெட்டிக்கும் கூரைக்கும் இடையே கருவியோடு வரும் கையேடு சொல்லும் இடைவெளியைவிடச் சற்றுக் கூடுதலாக விடும்படி சங்கம் அறிவுறுத்துகிறது.

அதே அடுக்ககத்தில் முதல் மாடியிலும் பகல் நேர ஏசி அறை ஒன்று இருக்கிறது. அதன் நேர் மேலே இருப்பது இதே இரண்டாம் மாடி இளம் தம்பதியரின் கூடம். அங்கே தரை இதுவரை 27 டிகிரிக்குக் குறையவில்லை. ஐப்பசி மழை தொடங்கியதும் மீண்டும் ஒருமுறை அளந்துவிட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறேன்.